நோட்டு யார் கையில் இருக்கிறது

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்களைக் குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் தெருக்களுக்கு ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், இலையும் தூளும் கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் ஏஜெண்ட் தந்த இலை எவ்வளவு குறைந்தால் எத்தனை பீடி துண்டு விழும், அதற்குக் கைக்காசு போட்டு எவ்வளவு இலை வாங்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு விரல் நுனியில்.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக அங்கே வகுப்பெடுத்தேன். சம்பளம் கிடையாது, அது வேறு கதை. வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால், சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு எதிரில் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட நூறு பீடி போச்சு. வறுமையால் படிப்பு போகிறது, படிப்பில்லாததால் வறுமை என்று பாடப்புத்தகத்தில் வட்டம் போட்டுக் காட்டுவார்களே, அது இங்கே இப்படித்தான் சுற்றுகிறது. சரி, முறத்தோடே வாங்க என்று சொல்லிவிட்டோம். மடியில் முறம், அதற்குப் பக்கத்தில் புத்தகம், பக்கமெல்லாம் புகையிலைத் தூள்.

உலகத்தில் எழுத்தறிவில்லாத பெரியவர்கள் 70 கோடிக்கு மேல், அதில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதம், ஆனால் அதில் 7 வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் சேர்த்தி. என் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பேரப்பிள்ளை எடுத்தவர்கள்.

அவர்களில் ஒரு அம்மா முதல் நாளே சொன்னார்: "கணக்கு எனக்குத் தெரியும் டீச்சர், நோட்டுல ஏஜெண்ட் இன்னா எழுதிக்கீறான்னுதான் தெரியல." அவருக்கு அ, ஆவில் ஆர்வமே இல்லை. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால்தான் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, 1976 சட்டப்படி வந்த நல நிதியிலிருந்து கொடுப்பது. இவரோ வேறு ஒருத்தி பேரில் இருந்த பாஸ்புக்கில் (கொடுத்த பீடியைப் பதியும் புத்தகம்) பல வருஷமாகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பி.எஃப். யார் கணக்கில் ஏறியது என்று கேட்டால் சிரிக்கிறார். அதனால் முதலில் அவர் பெயர், அப்புறம் 'இலை', 'கூலி', 'கழிவு' என்று நோட்டில் இருக்கும் வார்த்தைகளையே பாடமாக்கினேன். மற்றவர்களும் அதையே கேட்டார்கள், அரசு கொடுத்த புத்தகம் கொஞ்ச நாள் ஓரமாகவே கிடந்தது.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் அவர் முதலில் பார்த்தது கழிவுப் பத்தியைத்தான். சரியில்லை என்று ஏஜெண்ட் தள்ளிய பீடி ஆறு கட்டு என்று எழுதியிருந்தது. அவர் எதிரிலேயே பிரித்துத் தள்ளியது நாலு. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். ஏஜெண்டும் திருத்திக் கொடுத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து ஏஜெண்ட் கழிவை நோட்டில் எழுதுவதையே விட்டுவிட்டு, வாயால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.