க்ரேட்ஷெனின் ராட்டை: ஒரு ஷூபர்ட் பாட்டை இருவராகப் பழகிய அனுபவம்

வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'க்ரேட்ஷென் ஆம் ஷ்பின்ராடெ' ('ராட்டை முன் க்ரேட்ஷென்') ஒருவழியாக முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் ஓடுகிறது. அச்சில் போட்டிருக்கும் வேகத்தை இன்னும் தொடவில்லை, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று எழுதி வைக்கத் தோன்றியது. ஜெர்மன் லீட் பாட்டுகளைத் தொடுகிறவர்களுக்கு, அதிலும் தனியாகவே பியானோ வாசித்துப் பழகியவர்களுக்கு, இதில் ஏதாவது உதவலாம்.

நான் பியானோ, தோழி சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல். இருவரும் வியன்னாவில் இருக்கிறோம். அவள் பல்கலைக்கழக மாணவி, நான் அலுவலக வேலையில் இருக்கிறேன். இசைக் கல்லூரியில் யாரும் படிக்கவில்லை. ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை ஒருவர் அவ்வப்போது எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டுத் திருத்துகிறார். இருவருக்குமே ஜெர்மன் வளர்ந்த பிறகு படித்த மொழிதான்.

லீட் என்பது கவிதையில் தொடங்குகிறது. அதை ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்குமாக இசையமைத்துவிட்டால் அவ்வளவுதான், ஆர்க்கெஸ்ட்ராவும் கிடையாது, வேஷமும் கிடையாது. ஷூபர்ட் 31 வயதில் இறந்துபோனார். அதற்குள் 600-க்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதிவிட்டார். இந்தப் பாட்டுகளில் பியானோ துணைக்கு நிற்பதில்லை, பாதிக் கதையை அதுதான் சொல்கிறது. ஸ்டுட்கார்ட்டில் ஹூகோ வோல்ஃப் அகாடமி நடத்தும் லீட் போட்டியில் பாடகரும் பியானோ வாசிப்பவரும் ஜோடியாகத்தான் மேடை ஏற வேண்டும். கிராட்ஸ் நகரத்துப் போட்டியில் பாட்டு-பியானோ ஜோடிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்ததும், ராட்டைப் பாட்டை வாசிக்க உட்கார்ந்ததும் ஒன்றல்ல.

முதலில் எடுத்தது 'ஆன் டீ மூசிக்' ('இசைக்கு'), 1817-ல் எழுதியது. ஷூபர்ட்டின் நண்பர் ஷோபரின் வரிகள், இரண்டே சரணம், இரண்டுக்கும் ஒரே மெட்டு. பார்த்தால் எளிது. வலக்கை ஒரே சீராகக் கார்ட்களை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) தட்டிக்கொண்டிருக்க, இடக்கை அடியில் ஒரு மெட்டைப் பாடுகிறது. அந்த இடக்கை மெட்டைத்தான் முதலில் வாயால் பாடச் சொன்னார் ஆசிரியை. பாடினால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடுகிறது, அப்புறம் விரலும் அங்கேயே மூச்சு விடுகிறது. ஜெரால்ட் மூர் என்ற பெரிய பியானோக் கலைஞர், வாழ்நாள் முழுக்கப் பாடகர்களோடு வாசித்தவர். 1967 பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த விடைபெறும் கச்சேரியின் முடிவில், பாடகர் யாரும் இல்லாமல் இந்தப் பாட்டைத் தனியாகப் பியானோவிலேயே வாசித்தார். அந்த ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு, குரல் இல்லாமலும் பாட்டு நிற்க வேண்டும் என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

சரி, க்ரேட்ஷெனுக்கு வருகிறேன்.

இதை எழுதியபோது ஷூபர்ட்டுக்கு வயது 17. தேதி 1814 அக்டோபர் 19. அப்போது அவர் அப்பாவின் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கவிதை ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் வருவது. காதலனை நினைத்து நிம்மதி இழந்த க்ரேட்ஷென் என்ற பெண் ராட்டை முன் உட்கார்ந்து நூற்கிறாள், அவ்வளவுதான் காட்சி. வலக்கையில் சக்கரம் சுழல்கிறது, இடக்கையில் மிதிகட்டை தட்டுகிறது. 17 வயதுப் பையனுக்கு இது எப்படித் தோன்றியது என்று ஒவ்வொரு முறை நோட்ஸைத் திறக்கும்போதும் மலைப்பாக இருக்கிறது.

டோரோதேயர்காஸே தெருவில் இருக்கும் டாப்லிங்கர் கடையில் பீட்டர்ஸ் பதிப்பை வாங்கினோம். வாங்கும்போது குரலுக்கு ஏற்ற தொகுதிதானா என்று பார்த்து வாங்குங்கள். உயர்ந்த குரலுக்கும் தாழ்ந்த குரலுக்கும் தனித்தனித் தொகுதி உண்டு, சுருதி மாறினால் விரல் விழும் இடங்களும் மாறிவிடும். நாங்கள் மூலச் சுருதியான டி மைனரிலேயே வைத்துக்கொண்டோம்.

விரல் கணக்கு இப்படி. ஒரு மெஷருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, 12 செமிக்வேவர்கள் என்னும் குறுஞ்சுரங்கள். போட்டிருக்கும் வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஆறு சுரம். ஆக நிமிடத்துக்கு 432 சுரங்கள், நொடிக்கு ஏழுக்கும் மேல், அதுவும் மிக மெல்லிய சத்தத்தில், ஒட்டி ஒட்டி. இடக்கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை: சுண்டுவிரல் அடிச்சுரத்தைப் பிடித்திருக்க, மேலே மற்ற விரல்கள் மிதிகட்டையைத் துண்டு துண்டாகத் தட்ட வேண்டும். வலக்கை விரலால் மட்டும் வாசித்தால் முதல் பக்கத்திலேயே முன்கை இறுகிவிடும். கதவுக் குமிழைத் திருப்புகிற மாதிரி முன்கையைச் சிறிதாக உருட்டி, விரலைக் கட்டையை விட்டு எடுக்காமல் வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. தட்டு எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோமை 48-ல் வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றினேன். கை பழகியது.

உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

ஆசிரியை தந்த விதி ஒன்றே ஒன்று: "அவளுடைய உயிரெழுத்து எங்கே விழுகிறதோ, அங்கேதான் உங்கள் சுரம் விழ வேண்டும். மெய்யெழுத்தில் அல்ல." கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டாவது வரியின் முடிவைப் பாருங்கள்: 'இஸ்ட் ஷ்வேர்' (கனக்கிறது). 'இ' முடிந்ததும் ஸ், ட், ஷ், வ் என்று நான்கு மெய்கள் நடுவில் ஓர் உயிர்கூட இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. அதற்கப்புறம்தான் 'ஏ'. தமிழில் மெய்க்குப் பின்னால் உயிர் சீக்கிரம் வந்துவிடும், அதனால் இப்படி ஒரு வரிசை நம் காதுக்குப் புதிது. பாடகி இந்த நான்கையும் தட்டுக்கு முன்பே சொல்லி முடித்து, 'ஏ'-யைத் தட்டின் மேல் வைக்க வேண்டும். தெளிவாகச் சொல்ல அவளுக்கு ஒரு துளி நேரம் தேவை. என் வலக்கையோ நிற்க முடியாத சக்கரம். என்ன செய்வது?

நாங்கள் கண்ட வழி இது. தட்டுக்கு முந்தைய இரண்டு மூன்று செமிக்வேவர்களை மட்டும் தலைமுடி அளவுக்கு இழுத்துக் கொடுக்கிறேன். இடக்கையின் அடிச்சுரம் 'ஏ'-யோடு சரியாக விழுகிறது. கேட்பவருக்குச் சக்கரம் தயங்கியதாகத் தெரியாது, அந்த வார்த்தைக்குக் கனம் கூடியதாக மட்டும் தெரியும். இதைப் பிடிக்க ஒரு பயிற்சி செய்தோம். முதலில் அவள் மெய்யெழுத்துகளை மட்டும் கிசுகிசுப்பாள், நான் வாசிப்பேன். அடுத்து உயிரெழுத்துகளை மட்டும் மெட்டில் பாடுவாள். கடைசியில் இரண்டையும் சேர்ப்போம். முதல் பக்கம் முழுக்க இப்படிச் செய்தோம். இந்த அனுபவத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உச்சரிப்பில் அவளுக்கு நேரம் எடுத்தது இரண்டு விதமான 'ஹ்'. 'நாஹ்' என்பதில் ஒலி தொண்டையின் பின்பக்கத்திலிருந்து வரும், 'இஹ்' என்பதில் நடுநாக்கு மேலண்ணத்தை நெருங்க வேண்டும். இரண்டும் ஒரே வரியில் வருகிற இடம் பாட்டின் நடுவில் இருக்கிறது. அதைப் பாடாமல் பேசியே பழகினாள். கூடவே நானும் பேசினேன். கவிதை முழுவதையும் இருவரும் மனப்பாடமாக, பியானோவை மூடி வைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்து சொன்னோம். பியானோ வாசிப்பவருக்கு எதற்கு மனப்பாடம் என்று கேட்பவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள். எந்த வார்த்தை வரப்போகிறது என்று தெரிந்தால் கை அதற்கு முன்கூட்டியே தயாராகிறது.

மூச்சு விஷயத்தில் ஒரு சிக்கல். நம் கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரைப் பக்கவாட்டில் பார்த்தபடியே வாசிக்கலாம். லீட் மேடையில் பாடகி பியானோவின் வளைவில் சபையைப் பார்த்து நிற்கிறாள், எனக்குத் தெரிவது பாதி முதுகும் ஒரு தோளும்தான். மூச்சு எடுக்கும்போது விலா எலும்பின் பின்பக்கம் விரிகிறது. மெல்லிய துணியில் சட்டை போட்டால் அதுவே போதும், தலையை ஆட்டி சைகை காட்ட வேண்டியதில்லை. சைகையை நிறுத்திய நாளிலிருந்து பாட்டு நன்றாகிவிட்டது.

இனி நடுப்பகுதி. எனக்கு இந்தப் பாட்டில் உயிரான இடம் இதுதான். அவள் காதலனின் நடையையும் உருவத்தையும் நினைக்கத் தொடங்கும்போது இசை எஃப் மேஜர் சுருதிக்குப் போகிறது. இடக்கை மிதிகட்டையைத் தட்டுவதை விட்டுவிட்டு நீளமான கார்ட்களைப் பிடிக்கிறது. கால் மிதிப்பதை மறந்துவிட்டது, சக்கரம் மட்டும் பழைய வேகத்தில் சுற்றுகிறது. புன்னகை, கண், பேச்சு, கைப்பிடி என்று நினைவு ஏற ஏற இசையும் ஏறி, 'குஸ்' என்று முத்தத்தைச் சொல்லும் மேல் ஜி சுரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. ராட்டையும் நின்றுவிட்டது.

அப்புறம் பியானோ தனியாக ஆரம்பிக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முயன்று நிற்கிறது, மறுபடி முயல்கிறது, பிறகுதான் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது, முதல் முயற்சி எவ்வளவு மெதுவாக இருப்பது என்று நோட்ஸ் சொல்லாது. "அவளுக்கு நூற்க விருப்பமில்லை, ஆனால் வேலை காத்திருக்கிறது. இரண்டு முயற்சியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது," என்றார் ஆசிரியை. இப்போது முதல் முயற்சியைக் கை மட்டும் அறியாமல் அசைந்ததுபோலவும், இரண்டாவதை அவள் தானே தீர்மானித்துச் செய்வதுபோலவும் வாசிக்கிறேன். தோழிக்கு இங்கே பாட்டு இல்லை, ஆனால் வேலை இருக்கிறது. நான் ராட்டைக்குத் திரும்பிய பிறகும் அவள் முகம் முத்தத்திலேயே இருக்க வேண்டும். மேல் ஜி முடிந்த கையோடு தோளைத் தளர்த்தினால் சபைக்கு மாயம் போய்விடும். அடுத்த வரியின் மூச்சைக்கூட என் இரண்டாவது முயற்சி ஓடத் தொடங்கிய பிறகே எடுக்கிறாள். இதைப் பேசித் தீர்மானித்தது அவள்தான், எனக்குத் தோன்றவில்லை.

முடிவில் மேல் ஏ (A) சுரம் வரைக்கும் ஏறி, மறுபடி முதல் வரிக்கு இறங்குகிறது. கதேயின் கவிதை அப்படி முடியவில்லை. தொடக்க வரியை அங்கே மீண்டும் கொண்டுவந்தது ஷூபர்ட். சக்கரம் நிற்கவே நிற்காது என்று சொல்லிவிடுகிறார்.

பெடல் பற்றிக் கொஞ்சம். ஹோஃப்பர்க் மாளிகையில் இருக்கும் பழைய இசைக்கருவிகளின் சேகரிப்பைப் போய்ப் பார்த்தது நல்ல வேளை. அந்தக் கால வியன்னாப் பியானோக்களின் சுத்தியலில் தோல் சுற்றியிருக்கும், சத்தம் மெலிது, சீக்கிரம் அடங்கிவிடும். அடிச்சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இன்றைய பெரிய பியானோவில் அதே நோட்ஸை அப்படியே வாசித்தால் இடக்கை பாடகியை மூழ்கடித்துவிடும். பெடலைக் கால்வாசிதான் அழுத்துகிறேன், மிதிகட்டைத் துண்டுகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மூடியைக் குட்டைக் கம்பில் வைக்கிறோம். வீட்டில் இருக்கும் டிஜிட்டல் பியானோவில் விரல் பழகலாம், இதைப் பழக முடியாது.

இப்போது 66-ல் சுகமாகப் போகிறது. 72-க்கு அவசரமில்லை, மேல் ஏ-வுக்கு முந்தைய வரிகளில் அவளுக்கு வார்த்தை மழுங்காமல் இருந்தால்தான் வேகத்தை ஏற்றுவோம்.

கோடை விடுமுறைக்கு முன் ஆசிரியை வீட்டில் மாணவர்கள் எல்லாரும் பாடும் சிறு கச்சேரி இருக்கிறது. எங்களுக்கு மூன்று பாட்டு. க்ரேட்ஷெனை நடுவில் வைத்திருக்கிறோம். முதலில் வைத்தால் என் முன்கை சூடாகியிருக்காது, கடைசியில் வைத்தால் அவள் குரல் களைத்திருக்கும். 'ஆன் டீ மூசிக்' முதலில். மூன்றாவது புதிது: ஷூமானின் 'மோண்ட்நாஹ்ட்' ('நிலா இரவு'), 1840-ல் ஐஷெண்டார்ஃபின் கவிதைக்கு அமைத்தது. அங்கே வேகமே இல்லை, நீண்ட வரிகள், மூச்சுக்கு இடம் குறைவு. என் பங்குக்கு ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப, துளியும் மேடு தெரியாமல் வாசிக்க வேண்டும். இந்த வாரம் பியானோவைத் திறக்கவில்லை, கவிதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.