முதல் மீன் சாமிக்கு - நாகப்பட்டினத்துல ஒரு காலைப்பொழுது

நாகப்பட்டினம் வழியா வேளாங்கண்ணி, நாகூர்னு ரெண்டு மூணு தடவை போயிருக்கேன், ஆனா ஊருக்குள்ளயே இருக்குற காயாரோகணசுவாமி கோயிலுக்கு போனதில்ல. இந்த தடவை அதிபத்த நாயனாருக்காகவே கிளம்பிட்டேன். 63 நாயன்மார்ல மீன் பிடிச்சவர் அவரு. தினமும் வலையில வர்றதுல ஒரு மீனை சிவனுக்குன்னு கடல்லயே விட்டுடுவாராம், ஒரே ஒரு மீன் கிடைச்ச நாள்லயும் அதையும் விட்டுட்டு வெறுங்கையோட கரைக்கு வந்து வீடே பட்டினி கிடந்துச்சாம், அப்புறம் ஒருநாள் தங்கமும் ரத்தினமுமா ஒரு மீன் சிக்குது, அன்னிக்கும் அது ஒண்ணுதான், அதையும் "சாமிக்கு"ன்னு விட்டுட்டாரு.

அந்தக் கடலையும் ஜனங்களையும் பாத்துட்டு கோயிலுக்குப் போகலாம்னு விடியக்காலையிலயே அக்கரைப்பேட்டை துறைமுகத்துக்கு போயிட்டேன். விசைப்படகுங்க வரிசையா நிக்குது, ஒண்ணுல நம்ம கோயில் அம்பாள் நீலாயதாட்சி பேரு, பக்கத்துலயே நாகூர் ஆண்டவர், அதுக்கடுத்து வேளாங்கண்ணி மாதா. ஏலம் விடுற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம். "பாடு எப்படிண்ணே"ன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன், பாடுன்னா வலையில விழுற மீன். டீசல், ஐஸ், சாப்பாட்டு செலவெல்லாம் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் படகுக்காரருக்கும் ஆளுங்களுக்கும் பங்கு போடுவோம், பாடு இல்லன்னா பங்கும் இல்லன்னாரு. இதுல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வேற, விசைப்படகு கடலுக்கே போகக் கூடாது. அதைக் கேட்டப்புறம்தான் அதிபத்தர் பட்டினி கிடந்தார்ங்கறது எனக்கு வெறும் கதையா தெரியல.

அங்க ஒரு அக்கா அன்னக்கூடையில மீனை அள்ளி ஐஸ் போட்டுக்கிட்டு இருந்தாங்க, வளையல் மேல எல்லாம் செதில் ஒட்டியிருக்கு. என் நெத்தியில விபூதிய பாத்துட்டு "கோயிலுக்கா தம்பி, தள்ளி நில்லு, மீன் தண்ணி பட்டுடப் போவுது"ன்னாங்க. அதிபத்தர் சாமியைப் பாக்கத்தான்க்கா போறேன், அவருக்கு இந்த வாசனை தெரியாதான்னேன். அவ்வளவுதான், முகமே மாறிடுச்சு. ஆவணி ஆயில்யத்துக்கு தங்க மீன் விடுற விழாவுக்கு வாங்க, அதிபத்தரை படகுல ஏத்தி கடலுக்கு கொண்டு போவோம், சாமியும் அம்பாளும் கரையில வந்து காட்சி கொடுப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே போனாங்க. நம்பியார் நகர்தான் அவரு பொறந்த நுளைப்பாடின்னும் சொன்னாங்க.

சுனாமி பத்தி நான் கேக்கல. அவங்களே சொன்னாங்க, டிசம்பர் 26ன்னா இங்க யாரும் கடலுக்கு போறதில்ல தம்பின்னு. 2004ல இந்த மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. அப்புறமும் அதே கடலுக்குத்தான் போய்க்கிட்டு இருக்காங்க, அந்த நம்பிக்கைய நினைச்சா எனக்கு கண்ணு கலங்குது.

கிளம்புறப்போ சுருக்குப்பையில இருந்து ஒரு பத்து ரூபா எடுத்து கொடுத்தாங்க. "இன்னிக்கு போணி காசு, யாவாரத்துக்கு போனா நான் திரும்ப ராவாயிடும், நீ அவரு முன்னாடி வச்சுடு."

கோயில்ல கூட்டமே இல்ல. காரோணத்து ஈசனை கும்பிட்டேன், காயாரோகணத்தைத்தான் காரோணம்னு சொல்றது, அப்பர் சம்பந்தர் சுந்தரர் மூணு பேரும் பாடின இடம். அம்பாள் நீலாயதாட்சி, தமிழ்ல கருந்தடங்கண்ணி, அந்த சன்னதியில நின்னா நகரவே மனசு வரல, எவ்வளவு நேரம் நின்னேன்னே தெரியல. அப்புறம் அதிபத்தர்கிட்ட வந்தேன். பாக்கெட்ல இருந்து அந்த நோட்டை எடுத்தா இன்னும் ஈரம் காயல, ஓரத்துல ஒரு செதில் ஒட்டிக்கிட்டு மினுக்குது. தொடைக்கலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அப்புறம் அப்படியே வச்சுட்டேன்.