ஒரே பிளைவுட் ஷீட்டில் ஹாம் ரேடியோ மேசை

ஹாம் ஸ்டேஷனுக்கு, அதாவது பொழுதுபோக்காக உரிமம் பெற்று நடத்தும் வானொலி நிலையத்துக்கு, மேசை செய்ய உட்கார்ந்தால் முதலில் முன்பக்கத்தைத்தான் வரைவோம். கட்டி முடித்த பிறகு கை அதிகம் போவது பின்பக்கத்துக்கு: ஆன்டெனா மாற்ற, ஃபியூஸ் பார்க்க, தளர்ந்த பி.எல்.259-ஐ (ஆன்டெனா கேபிளின் முனையிலுள்ள திருகு இணைப்பான்) முடுக்க. ஆகவே சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றரை அடி விடுங்கள். அறையில் இடமில்லையென்றால், மேசையை முன்னே இழுக்கும்படி ஒவ்வொரு கேபிளிலும் 3 அடி உபரி இருக்கட்டும்.

8 × 4 அடி, 18 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீர் தாங்கும்) பிளைவுட் ஒரு ஷீட் போதும். 4 அடி அகலம் அப்படியே இருக்க, நீளவாக்கில் அளந்து வெட்டுங்கள். மேசைப் பலகைக்கு 30 இன்ச். மேல்தட்டு இரண்டுக்குத் தலா 15 இன்ச். மிச்சம் 36 இன்ச்சில் 15 × 11 அளவில் 8 துண்டு கிடைக்கும். ஆறு, தட்டுகளைத் தாங்கும் நிற்கும் பலகைகள், இரண்டு உபரி. கடைசியில் 5 இன்ச் சொச்சத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் தாங்கு பலகை வேண்டும். நடுப்பலகையை விட்டால் தாங்கும் தூரம் 2 அடியிலிருந்து 4 அடியாகும். அதே எடைக்குத் தொய்வு 8 மடங்காகும். பலகை 12 மி.மீ. என்றால் 18-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் தொய்யும். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம்: நாள்பட நாள்படத் தொய்ந்துகொண்டே போகும், ஸ்க்ரூவும் பிடி விடும்.

மேலே கட்டும் அடுக்குக்கு முதுகுப்பலகை அடித்தால் காற்றும் கேபிளும் போக வழியில்லை; அடிக்காவிட்டால் பக்கவாட்டில் ஆடும். மிஞ்சிய பட்டைக்கு இங்கேதான் வேலை. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில், பின்விளிம்பில், மூன்று தாங்கு பலகைகளின் மேலும் படும்படி ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போடுங்கள். ஆட்டம் நின்றுவிடும். 2 இன்ச் ஸ்க்ரூவுக்கு முன்பே 3 மி.மீ. துளை போடாவிட்டால் பிளைவுட்டின் விளிம்பு பிளக்கும்.

கால்களுக்கு ஒன்றரை இன்ச் சதுர இரும்புக் குழாய், உயரம் 29 இன்ச். நடுத்தாங்கலின் எடை மேசையின் நடுவில் இறங்குவதால், அதற்கு நேர் கீழே முன்னும் பின்னுமாக ஒரு குறுக்குக் குழாயை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

தட்டுகள் மேசையின் பின்பாதியில் நிற்பதால் முன்னால் 15 இன்ச் காலியாக இருக்கும். மோர்ஸ் கீ அடிக்கும் முன்கை முழுதாகப் படிய அந்த இடம் தேவை. தினம் திருப்பும் ரேடியோ மேசை மட்டத்தில் இருக்கட்டும். மேல்தட்டில் வைத்தால் அரைமணியில் தோள் வலிக்கும். ரேடியோவுக்கு மேலே 3 இன்ச் காற்றுவெளி விடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 30 ஆம்பியர் பவர் சப்ளை நல்ல கனம், ஹம் என்னும் ரீங்கார இரைச்சலும் தரும். அதை ஓரத்தாங்கலை ஒட்டி, மைக் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி தரையில், காற்றோட்டத்தில் இருக்கவேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதன் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

100 வாட் ரேடியோ டிரான்ஸ்மிட்டில் 22 ஆம்பியர் வரை இழுக்கும். 2 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர 0.65 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேச்சு உச்சத்தில் ரேடியோ அணைந்து அணைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.27 வோல்ட்தான்.

ஆர்.ஜி.213 என்னும் தடித்த ஆன்டெனா கேபிளை 4 இன்ச் ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். பின்பட்டையில் கிளாம்ப் அடித்து, எடை ரேடியோவின் சாக்கெட்டில் தொங்காமல் பாருங்கள். அதே பட்டையில் ஏர்கண்டிஷனருக்குப் போடும் அரை இன்ச் செம்புக்குழாயை நீளமாகப் பொருத்தினால் அது எர்த் பஸ், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எர்த் இணைப்பு. ஒவ்வொரு கருவியிலிருந்தும் தனித்தனி வயர் அதற்கு வரட்டும்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடராகப் போகக்கூடாது. குழாயிலிருந்து வெளியே புதைத்த எர்த் ராடுக்கு தடித்த செம்புப் பட்டை போகவேண்டும். அந்த ராடை வீட்டு எர்த்தோடும் இணைத்தாக வேண்டும். இரண்டும் தனித்தனியாக நின்றால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ரேடியோ வழியாகத்தான் பாயும்.