ஓரியூர்: செம்மண்ணும் ஒரு கிடாயும்

முதலில் ஆட்டோக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. திருவாடானையில் இறங்கி ஓரியூர் பஸ் எப்போது என்று கேட்டேன். "இப்பத்தான் சார் போச்சு, இனி மத்தியானம்தான்" என்றார் ஆட்டோக்காரர். 600 கேட்டார், 450-க்கு இறக்கினேன். பாதி வழியில் எங்களை முந்திக்கொண்டு போனது ஓரியூர் பஸ், ஜன்னலோர சீட்டெல்லாம் காலியாக! மனுஷர் கண்ணாடியில்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைய செலவுக்கு நான் ஒதுக்கியிருந்ததே 1000 ரூபாய்.

ஓரியூரில் இருப்பது அருளானந்தர் கோயில், அதாவது ஜான் டி பிரிட்டோ என்கிற பாதிரியாருடைய கோயில். அங்கே நேர்த்திக்கடன் எதுவும் இல்லாமல், ஒரு சந்தேகத்தோடு போனவன் நான். சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். அதன் பெயரே திருப்பலி. இரத்தம் சிந்தாமல் பாவமன்னிப்பு இல்லை என்கிறது எபிரேயர் திருமுகம். அதே பைபிளில் ஓசேயா, கடவுள் கேட்பது பலியை அல்ல, இரக்கத்தை என்கிறார். இயேசுவும் அதையே எடுத்துச் சொல்கிறார். மன்னிக்க நினைக்கிற அப்பாவுக்கு மகனுடைய இரத்தம் எதற்கு? ஞானோபதேச வகுப்பில் கேட்டதற்கு "பெரியவனானா புரியும்" என்றார்கள். நாற்பது தாண்டியாயிற்று.

கோயில் பக்கத்து மண் சிவப்பு. அருளானந்தருடைய இரத்தம் என்று நம்பி, காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறார்கள். லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ இங்கே காவி கட்டிப் பண்டாரசாமியாகத் திரிந்தவர், கறி மீன் தொடாதவர். 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்து, இந்தச் சீமைப் பக்கமே வரக்கூடாது என்று விட்டார்கள். ஐரோப்பா போனவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி, விபூதிப் புதனன்று, தலையை வெட்டினார்கள்.

காரணம்தான் என்னைக் குடைகிறது. பல மனைவிகள் கொண்ட தடியத்தேவர் என்கிற மறவர் சீமைத் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவிதான் என்றால் சரி என்றார் சாமியார். தள்ளிவைக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தி, இராமநாதபுரத்து அரசர் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையிட, விஷயம் வாளில் முடிந்தது. சாவுக்காகக் காத்திருக்கிறேன் என்று சந்தோஷமாகவே சிறையிலிருந்து கடிதம் எழுதினார் பிரிட்டோ. சரி, அது அவராக விரும்பிக் கொடுத்த உயிர். அந்தப் பெண்களிடம் யார் கேட்டார்கள்? அவர்கள் இழந்ததற்கு எந்த மண் சிவந்தது? 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம். அவர்களுக்கு என் ஜெபப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இப்படி எரிச்சலோடு வெளியே வந்தால், வேப்ப மரத்தடியில் ஒரு கிடாய். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கழுத்தில் சாமந்தி மாலை. அந்த மாலையையே எட்டி எட்டிக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு குட்டிப் பையன் அறுந்து விழுந்த பூவைப் பொறுக்கி அதன் வாயில் வைத்தான்.

"ஏன் அப்பத்தா, கறியே சாப்பிடாத சாமிக்குக் கிடாயா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு யாருப்பா போடுறா? பேரன் பொழச்சான், ஊருக்குச் சோறு போடுறோம். நீயும் இருந்து சாப்புட்டுப் போ."

பையனைக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை.

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். மிளகு தூக்கலான குழம்பு, சூடான சோறு, எலும்போடு கறி. மூன்று முறை வாங்கினேன். பக்கத்து இலையில் இருந்தவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எபிரேயர் திருமுகத்துக்கு இது பதிலாகாது. எனக்கு இன்னும் புரியவில்லைதான்.

பேருந்து நேரம், தங்குமிடம் எல்லாம் அடுத்த பதிவில் பார்ப்போம். திரும்பும்போது பஸ்ஸுக்கே காத்திருந்து ஏறினேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கக் கைவிட்டால், சட்டைப் பையில் செம்மண் பொட்டலம் பிரிந்து, கண்டக்டர் கையெல்லாம் சிவப்பு.