எஸ்.டி.பி.எம். உயிரியல்: ஹார்மோன் கட்டுரையில் புள்ளி ஒளிந்திருக்கும் இடம்

பல்கலைக்கழகத்துக்கு முந்திய மலேசியத் தேர்வான எஸ்.டி.பி.எம்.-இன் செமஸ்டர் 2 முடிவு வந்துவிட்டது. பெரிய நிம்மதி! சுங்கை சிப்புட்டில் அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளே, தாள் அமைப்பு உங்களுக்கே தெரியும். வளர்ச்சியிலும் திசுச் சீரமைப்பிலும் ஹார்மோனின் பங்கு என்ன என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

சுரப்பி, ஹார்மோன், வேலை என்ற அட்டவணை ஏ பிரிவின் பல்தேர்வுக் கேள்விகளோடு சரி. கட்டுரைக்கு ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அத்தனையும் வேலை செய்வதில்லை. தைராக்சினில் 99 விழுக்காட்டுக்கு மேல் புரதத்தோடு ஒட்டியே இருக்கிறது. கார்ட்டிசோலில் ஏறத்தாழ 90. ஒட்டியிருப்பது சேமிப்பு. ஒட்டாத பகுதிதான் தந்துகி என்ற நுண் இரத்தக்குழாயைத் தாண்டி, செல்லில் ஹார்மோனை ஏற்கும் புரதமான ஏற்பியை அடையும். இந்த ஒரு வரியை எழுதாத கட்டுரை எனக்குப் பாதிக் கட்டுரைதான்.

வளர்ச்சி ஹார்மோனை இந்த வரிசையில் எழுதுங்கள்:

1. மூளையின் ஹைப்போதலாமஸ் தூண்ட, அதன் கீழுள்ள முன் பிட்யூட்டரி சுரப்பி விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம்.
2. கல்லீரல் செல்லின் சவ்வு ஏற்பியில் சேர்கிறது. உள்ளே ஜாக்2 கினேஸ் என்ற நொதி முடுக்கப்படுகிறது.
3. ஐ.ஜி.எஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி) உருவாகி, கடத்துப் புரதங்களோடு பயணிக்கிறது.
4. குருத்தெலும்பு செல்கள் பிரிகின்றன, தசையில் புரதம் கூடுகிறது.

உணவில் சத்து இல்லையென்றால்? வளர்ச்சி ஹார்மோன் ஏறும், ஐ.ஜி.எஃப்-1 இறங்கும், பிள்ளை வளராது. கல்லீரல் வளர்ச்சி ஹார்மோனின் பேச்சைக் கேட்பதில்லை. அளவும் பயனும் வேறு என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது.

தைராக்சின் அமினோ அமிலத்திலிருந்து வருவதால் பலர் அதைச் சவ்வு ஏற்பி, சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு) பக்கம் தள்ளிவிடுகிறார்கள். தவறு. செல்லுக்குள் அது டி3 என்ற செயல்திறன் மிக்க வடிவமாக மாறி, உட்கருவிலுள்ள ஏற்பியில் சேர்ந்து ஜீனை இயக்குகிறது.

சீரமைப்புக்கு நம் தோட்டத்து உதாரணமே போதும்: இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் காலில் செம்பனை முள் குத்தினால் புண் ஏன் ஆறுவதில்லை? 'இன்சுலின் குறைவு' என்று நிறுத்தாதீர்கள். இன்சுலின் செயல்படாவிட்டால் புரத உருவாக்கம் குறையும். கூடிய குளுக்கோஸ் நுண் இரத்தக்குழாய்களையும் நரம்பையும் கெடுக்கும், வெள்ளணுக்களைத் தளர்த்தும். கார்ட்டிசோல் நீண்டநாள் மிகுந்தாலும் புண் தாமதமாகும், நார்செல்கள் தரும் கொலாஜன் குறைவதால்.

கட்டுரை தொடங்குமுன் தாளின் விளிம்பில் முதலில் எழுத வேண்டியவை: சுரப்பு, கடத்தல், ஒட்டாத அளவு, ஏற்பி, ஜீன், புரதம்.

படம் வரைந்தால் ஐ.ஜி.எஃப்-1 இலிருந்து பிட்யூட்டரிக்குத் திரும்பும் தடுப்பு அம்புக்குறியையும் போடுங்கள், பக்கத்தில் கழித்தல் குறியோடு.