10 ஓம் தடைக்குக் கான்ஸ்டன்டனா, மாங்கனினா?

தருமபுரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட என் பட்டறையில், விடியற்காலையில் சரிபார்த்து வைத்த மின்னோட்ட அளவி சித்திரை மாதத்துப் பிற்பகலில் வேறு அளவைக் காட்டியதால், வெயிலுக்கு அசையாத 10 ஓம் தடை ஒன்றை நானே சுற்றிக்கொள்ள முடிவு செய்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய 36 கேஜ் செம்புக் கம்பியை முதலில் சுற்றினேன். 10 ஓம் வர 17 மீட்டர் தேவைப்பட்டது. செம்பும் நிக்கலும் கலந்த கலவையான கான்ஸ்டன்டனில் 28 கேஜ் கம்பி இரண்டேகால் மீட்டரும், மற்றொரு செம்புக் கலவையான மாங்கனினில் அதே கனமுள்ள கம்பி ஏறக்குறைய இரண்டரை மீட்டரும் போதுமானதாக இருந்தன. கம்பியை நடுவில் மடித்து இரட்டையாகச் சுற்றினால் ஒரு பாதியின் காந்தப்புலத்தை மறுபாதி நீக்கிவிடும் என்பதால் மூன்றையும் அவ்வாறே சுற்றினேன்.

சுருள்களைக் கடலை எண்ணெயில் அமிழ்த்தி, 10 மில்லி ஆம்பியர் செலுத்தி, மின்னழுத்தத்தைத் தனிக் கம்பிகளில் எடுத்து அளந்தேன். 28 டிகிரியில் மூன்றும் 100.0 மில்லிவோல்ட் காட்டும்படி நீளத்தைச் சரிசெய்திருந்தேன். எண்ணெய் 68 டிகிரியை எட்டியபோது செம்பு 115-ஐத் தொட்டது. கான்ஸ்டன்டன் இம்மியும் நகரவில்லை, மாங்கனின் 99.9-க்கு இறங்கியது. மாங்கனினின் தடை அறை வெப்பநிலையை ஒட்டித்தான் மாறாமல் நிற்கும், அதைத் தாண்டினால் மெல்லச் சரியும். ஆகவே கான்ஸ்டன்டனே போதும் என்று எண்ணிவிட்டேன்.

மறுநாள் அதே கான்ஸ்டன்டன் சுருளை எண்ணெய்க்கு வெளியில் வைத்து அளந்தபோது 100.4 வந்தது. பற்றவைப்பில் குறை என்று நினைத்து இருமுறை ஈயம் வைத்துப் பார்த்தும் மாறவில்லை. மின்னோட்டத்தின் திசையை மாற்றியதும் 99.6 ஆனது. அப்போதுதான், ஒரு முனை அடுப்பருகில் இருந்ததைக் கவனித்தேன். தடை மாறவில்லை, கான்ஸ்டன்டனும் செம்பும் சேரும் இடங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு இருந்தால், டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் தானாகவே பிறக்கிறது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் இயங்குவதும் இதனால்தான். பத்து டிகிரி வேறுபாடே 0.4 மில்லிவோல்ட்டைத் தந்துவிட்டது. இரு திசைகளிலும் அளந்து சராசரி எடுத்தால் இப்பிழை நீங்கும். ஆனால் எப்போதும் இணைந்தே இருக்க வேண்டிய தடையில் அது நடக்காது.

செம்பும் மாங்கனீசும் சிறிதளவு நிக்கலும் கலந்த மாங்கனினைச் செம்புடன் இணைத்தால் டிகிரிக்கு ஓரிரு மைக்ரோவோல்ட்டே எழும். என் அளவிக்கு அது தெரியவே தெரியாது. இவ்விரு கலவைகளையும் உருவாக்கியவர் எட்வர்ட் வெஸ்டன் ஒருவரே என்றாலும், துல்லியத் தடைகளுக்கு மாங்கனினையே தேர்ந்தெடுத்தது ஏன் என்பது அந்த 0.4-ஐக் கண்ணால் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

இப்போது மாங்கனின் சுருளை, சுற்றும்போது கம்பியில் ஏறிய இறுக்கம் தளர்வதற்காக, 120 டிகிரி அடுப்பில் வைத்திருக்கிறேன். எடுத்து ஆறவிட்ட பின் மீண்டும் 28 டிகிரியில் அளந்து, நீளத்தைக் கடைசியாகச் சரிசெய்ய வேண்டும்.