எல்லாருக்கும் அட்மின் எதற்கு?

ஒரு புராஜெக்ட்டின் வேலைகளையும் புகார்களையும் டிக்கெட்களாகப் பதிந்து வைக்கும் புராஜெக்ட் டிராக்கரைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் தலையில் விழுந்தாலும் சீக்கிரமே இந்தக் கோரிக்கை வந்துவிடும்: "எனக்கு அட்மின் கொடுத்துடுங்களேன்." ஏன் என்று விசாரித்தால் ஏதோ ஒரு டிக்கெட்டின் பிரயாரிட்டியை மாற்ற முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். கேட்பவர் சீனியர் என்றால் வம்பு எதற்கு என்று நாமும் டிக் போட்டுவிடுவோம். கொஞ்ச நாள் கழித்து அட்மின் பட்டியலைத் திறந்தால் பாதி ஆபீஸ் அதில் உட்கார்ந்திருக்கும்.

இதில் எனக்கு ஒரே ஒரு கருத்துதான். ரோல்களை, அதாவது டிராக்கரில் ஒரு பெயரின் கீழ் கட்டிவைத்த அனுமதிகளை, ஆபீஸ் பதவிகளைப் பார்த்து அமைக்கக்கூடாது, அந்த புராஜெக்ட்டில் அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து அமைக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. ஆளுக்கு நேரடியாக அனுமதி கொடுக்காதே, ரோலுக்குக் கொடு, ஆளை அந்த ரோலில் சேர் என்ற முறையை 1992-லேயே அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த ஃபெராயோலோவும் கூனும் ஒழுங்காக வரையறுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் ரெட்மைன் என்ற டிராக்கரை நிறுவி அதன் ஆரம்ப அமைப்பை ஏற்றியதும் மேனேஜர், டெவலப்பர், ரிப்போர்ட்டர் என்று மூன்று ரோல் கண்ணில் படுகிறதா, உடனே விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பவர்களையெல்லாம் மேனேஜரில் போட்டுவிடுகிறோம். அந்த ரோலில் இருப்பவரால் ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், வெர்ஷன்களை மாற்றலாம். வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் துறைத் தலைவருக்கு இதெல்லாம் எதற்கு? அவருக்குப் பார்க்கும் உரிமையும் கமெண்ட் போடும் உரிமையும் போதும். ரிலீஸை ஒருங்கிணைக்கும் ஜூனியர் டெஸ்டருக்குத்தான் அந்த மேனேஜர் ரோல் உண்மையில் தேவைப்படும்.

கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ட்ரையாஜ் என்று ஒரு ரோல் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. லேபிள் போடலாம், அசைன் செய்யலாம், இஷ்யூவை (அங்கே டிக்கெட்டுக்கு அதுதான் பெயர்) மூடலாம், கோடில் கை வைக்க முடியாது. வந்து விழும் புகார்களைப் பிரித்து வைப்பவரின் வேலை இதுதான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

சரி, பலரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். ரெட்மைனில் ஒருவருக்கு ஒரே புராஜெக்ட்டில் இரண்டு மூன்று ரோல் கொடுக்கலாம். இதைப் பார்த்ததும், "இவர் டெவலப்பர்தான், ஆனா டிக்கெட்டை மூடக்கூடாது, அதனால 'மூடக்கூடாதவர்'னு இன்னொரு ரோலும் சேர்த்துடலாம்" என்று தோன்றும். நடக்காது. அனுமதிகள் கூட்டப்படும், கழிக்கப்படாது. கையில் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கும்போது இன்னொரு சாவியைக் கொடுத்தால் பழைய சாவி வேலை செய்யாமல் போய்விடுமா? டிக்கெட் எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்று சொல்லும் ஒர்க்ஃப்ளோவிலும் இதே கதைதான்: ஒரு ஸ்டேட்டஸிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஏதாவது ஒரு ரோல் வழி விட்டிருந்தால் போதும், போய்விடலாம். ஒரு ஃபீல்டை ஒரு ரோலுக்கு மட்டும் ரீட்-ஒன்லி ஆக்கினால், வேறு ரோலும் வைத்திருப்பவருக்கு அந்தப் பூட்டு பொருந்தாது, அவருடைய எல்லா ரோல்களிலும் அப்படி வைத்திருந்தால்தான் பூட்டும். ஜிரா என்ற இன்னொரு டிராக்கரில் எந்த அனுமதி யாருக்கு என்று எழுதி வைக்கும் பெர்மிஷன் ஸ்கீமும் கொடுக்கத்தான் செய்யும், 'இவருக்கு மட்டும் கூடாது' என்று சொல்ல அதில் இடமே இல்லை. ஆகவே ஒருவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், இருப்பதை எடுத்துவிட்டு அதைவிடச் சின்ன ரோல் ஒன்றைக் கொடுங்கள்.

அடுத்த தலைவலி, ரோல் என்பது பொதுச்சொத்து. "எங்க புராஜெக்ட்ல மட்டும் டெவலப்பர்ஸ் டிக்கெட்டை டெலீட் பண்ணட்டும்" என்று ஒரு டீம் லீட் கேட்பார். ரெட்மைனில் டெவலப்பர் ரோலை மாற்றினால் அது எல்லா புராஜெக்ட்டிலும் மாறும். ஜிராவிலும் ஒரே ஸ்கீமைப் பல புராஜெக்ட்கள் பகிர்ந்துகொண்டிருந்தால் அத்தனைக்கும் போய்ச் சேரும். அதற்குப் பயந்துகொண்டு 'டெவலப்பர் - டெலீட்', 'டெவலப்பர் புதுசு' என்று ரோல்களைப் பெருக்குவார்கள், அப்புறம் எது யாருக்கு என்று எழுதியவருக்கே தெரியாது. நான் செய்வது, டெலீட் எதற்கு என்று முதலில் கேட்பது. முக்கால்வாசி நேரம் டூப்ளிகேட் டிக்கெட் தொல்லைதான் காரணமாக இருக்கும், அதற்கு டூப்ளிகேட் என்று இணைத்து மூடினாலே போதும், வரலாறும் மிஞ்சும். டெலீட் செய்தால் கமெண்ட், இணைப்பு, எல்லாம் போய்விடும்.

ஜிரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஸ்கீமில் தனி ஆட்களின் பெயரை எழுதாதீர்கள், புராஜெக்ட் ரோலை எழுதுங்கள். அந்த ரோலில் யார் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த புராஜெக்ட்டின் அட்மினே பார்த்துக்கொள்வார், ஒவ்வொரு புது ஆளுக்கும் உங்களைத் தேடி வரமாட்டார்கள்.

திருத்தும் உரிமைக்குக் கொடுக்கும் கவனத்தை யாரும் பார்க்கும் உரிமைக்குக் கொடுப்பதில்லை, எனக்கு அதுதான் அதிகப் பயம். தவறாகத் திருத்தினால் ஹிஸ்டரியில் தெரியும், சரிசெய்துவிடலாம், ஆனால் கிளையண்ட் பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. ரெட்மைனில் யாரும் உருவாக்காமலே இரண்டு ரோல் இருக்கும், உறுப்பினர் அல்லாதவர், அநாமதேயர் (லாகின் செய்யாதவர்) என்று. புராஜெக்ட் பப்ளிக் என்று இருந்தால் லாகின் செய்த எவரும் உறுப்பினர் அல்லாதவர் என்ற கணக்கில் உள்ளே வரலாம், அந்த ரோலுக்கு என்ன அனுமதி இருக்கிறதோ அதெல்லாம் அவருக்கும் உண்டு. வெளியாட்களுக்கு அக்கவுண்ட் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் திறந்து பாருங்கள். கிளையண்ட் ரோலுக்கு, தான் உருவாக்கிய அல்லது தனக்கு அசைன் ஆன டிக்கெட் மட்டும் தெரியட்டும் என்று வைக்க வசதி இருக்கிறது. உள் விவாதத்துக்குப் பிரைவேட் நோட்ஸ் இருக்கிறது, அதைப் படிக்கும் அனுமதி தனி, கிளையண்ட் ரோலில் அது டிக் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேலையை விட்டுப் போனவர்களின் அக்கவுண்ட்டை டெலீட் செய்யாதீர்கள், லாக் செய்யுங்கள். ரெட்மைனில் டெலீட் செய்தால் அவர் எழுதியதெல்லாம் அநாமதேயர் பெயருக்குப் போய்விடும். கிட்ஹப் மாதிரியே இன்னொரு தளமான கிட்லேபில் கோஸ்ட் யூசர் என்று ஒருவர் இருக்கிறாரே, இப்படிக் காணாமல் போனவர்களின் இஷ்யூக்களை வாங்கி வைத்துக்கொள்ளத்தான். ஒப்பந்தத்தில் வருபவர்களுக்கு கிட்லேபில் உறுப்பினராகச் சேர்க்கும்போதே முடிவுத் தேதி போட்டுவிடலாம், அந்த நாள் வந்தால் தானாகவே விலகிவிடுவார். டீம் மாறிப் போனவர்கள்தான் சிக்கல், அவர்கள் வெளியே போகவில்லை என்பதால் யாரும் சொல்வதில்லை, போன இடங்களின் உரிமை எல்லாம் கூடவே சேர்ந்துகொண்டே போகும். காலாண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் பட்டியலை அந்தந்த டீம் லீடுக்கே அனுப்பிவிடுகிறேன், யார் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த ரோலை மாற்றினாலும், சேமித்த கையோடு அந்த ரோல் மட்டுமே உள்ள ஒரு டெஸ்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்து பாருங்கள். உங்கள் அட்மின் அக்கவுண்ட்டில் பார்த்துவிட்டு "எனக்கு வேலை செய்யுதே" என்றால், உங்களுக்கு வேலை செய்யாமல் எப்படி இருக்கும்?